மூன்றாம் நம்பர் வாக்கியம்

குடிநீர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கு எதிரே இருக்கும் மேசைதான் அவளுடையது. தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது, தண்ணீர் நாறுகிறது என்று ஜனங்கள் எழுதும் மனுக்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவள் வேலை. பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கடிதக்கார அக்கா. அவளைவிட நாலு வயது மூத்த வால்வுக்காரருக்கும் அவள் அக்காதான்.

அவளுக்கு ஒரு வியாதி. மற்றவர்களுக்கு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் வெளியேறிவிடும் சொற்கள் அவளுக்கு மட்டும் உள்ளேயே தங்கி முள்ளாகக் குத்தும். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதைச் சொல்ல வந்தாலும் “ஒண்ணுமில்ல” என்றுதான் தொடங்குவார். “ஒண்ணுமில்ல, எதிர்வீட்டுச் சமையலறையில தீப்பிடிச்சுக்கிச்சு” என்று அவர் ஒருநாள் சாவதானமாகச் சொன்னபோது அவளுக்கு எதிர்வீட்டுத் தீயைவிட அந்த ஒண்ணுமில்லதான் அதிகம் எரிந்தது. மாமியார் “நான் எதுவும் சொல்லல” என்று ஆரம்பித்தால் முடிக்க அரைமணி நேரம் ஆகும். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு வாயைத் திறந்தால் “பேசிக்கலி”.

“பதினாலு,” என்றாள் அவள் ஒருநாள் காலை, தட்டைக் கழுவிக்கொண்டே.

“என்ன பதினாலு?”

“சாப்பிட உக்காந்ததுல இருந்து நீ சொன்ன பேசிக்கலி.”

“அம்மா, பேசிக்கலி நீ ஒரு கொடுமைக்காரி.”

“பதினஞ்சு.”

வீட்டில் எல்லோர் வாயையும் திருத்திவிட்டு அலுவலகத்துக்குப் போய் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் கணினியில் நாலு வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்று, தங்கள் மனு பெறப்பட்டது. இரண்டு, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. மூன்று, தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. நாலு, ஆவன செய்யப்படும். எண்ணை அழுத்தினால் போதும், வாக்கியம் வந்து தாளில் உட்கார்ந்துகொள்ளும். யோசிக்க வேண்டாம், விசாரிக்க வேண்டாம். நாளடைவில் அலுவலகமே எண்களில் பேச ஆரம்பித்துவிட்டது. யாராவது லீவு கேட்டால் துணை அதிகாரி தலையைத் தூக்காமலே “மூணு” என்பார். மின்விசிறியை எப்போது பழுதுபார்ப்பார்கள் என்று கேட்டால் “நாலு”. நாலு என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்கள். அவளும் சிரித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மூன்றை அழுத்தவும் செய்தாள்.

அப்போதுதான் அந்தத் தையல்காரரின் மனு வந்தது. அவருக்கு ஏற்கெனவே போயிருந்த மூன்று பதில்களையும் குண்டூசியால் அதோடு சேர்த்துக் குத்தி அனுப்பியிருந்தார்.

‘எங்கள் தெருக் குழாய்களில் இருபத்தைந்து நாளாகக் காற்றுதான் வருகிறது. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் பரிசீலனையில் உள்ளது என்று பதில். சட்டை கேட்டு வருகிறவரிடம் உங்கள் சட்டை பரிசீலனையில் உள்ளது என்று நான் சொன்னால் என்னைச் சும்மா விடுவாரா? தைத்துவிட்டேன் என்பேன், இல்லை என்றால் நூல் தீர்ந்துவிட்டது என்பேன். உங்களிடம் எது தீர்ந்துவிட்டது என்றாவது சொல்லுங்கள்.’

படித்ததும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த மூன்று பதில்களும் அவள் கை அழுத்தியவை. பழக்கதோஷத்தில் விரல் எண் மூன்றின் மேல் போய் நின்றது. அதை இழுத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

“தெருமுனை வால்வு துருப்பிடிச்சு இறுகிப்போச்சுக்கா,” என்றார் வால்வுக்காரர். “மாத்தணும். ஆறு அங்குலம். நம்ம கிடங்குல அந்த அளவு இல்ல.”

“எப்ப வரும்?”

“யாருக்குத் தெரியும்?”

“இதை அப்படியே எழுதட்டுமா?”

“எதை?”

“யாருக்கும் தெரியாதுங்கறதை.”

“எழுதுங்க. என் பேரை மட்டும் போட்டுடாதீங்க.”

அவள் எழுதினாள். ‘உங்கள் தெருமுனையில் உள்ள வால்வு துருப்பிடித்துவிட்டது. மாற்றினால்தான் தண்ணீர் வரும். ஆறு அங்குல வால்வு எங்கள் கிடங்கில் இல்லை. எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. முன்பு அனுப்பிய மூன்று பதில்களும் விசாரிக்காமல் எழுதப்பட்டவை. அதற்கு வருந்துகிறோம்.’

எழுதி முடித்துத் திரும்பப் படித்தாள். தெரியவில்லை என்ற சொல் அந்த அலுவலகத்துக் காகிதத்தில் அதுவரை ஏறியதே இல்லை. ஆனாலும் பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக, இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு கடிதம் கையில் இருந்தது. அறுபது கடிதங்களுக்கு நடுவே அதுவும் துணை அதிகாரியின் அறைக்குப் போயிற்று. அவர் கையெழுத்துப் போடும் வேகத்தில் மேசை ஆடும். அறுபதும் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தன.

ஐந்தாம் நாள் காலை வாசலில் கூட்டம். முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். வாளிகளோடு வந்தவர்களும் உண்டு. எல்லோர் கையிலும் அந்தக் கடிதத்தின் நகல். துணை அதிகாரி ஒரு நகலைப் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்கு விரைந்து வந்தார்.

“என்னம்மா இது? தெரியவில்லையாம், வருந்துகிறோமாம்! கீழ என் கையெழுத்து!”

“ஆமா சார், நீங்கதான் போட்டீங்க.”

“படிக்காமத்தானே போட்டேன்!” என்று கத்திவிட்டு, யார் யார் காதில் விழுந்தது என்று சுற்றிப் பார்த்தார். எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. குரலைத் தாழ்த்தினார். “கீழ்த்தளப் பதிவறைக்கு ஆள் இல்ல. இப்பவே ஆர்டர் போட்டு உங்களை அனுப்பிடுவேன். வேண்டாம்னா என்கூட வாங்க. அந்தக் கடிதம் தவறுதலா வந்துடுச்சு, உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்குன்னு உங்க வாயாலயே சொல்லுங்க.”

பதிவறை என்றால் ஜன்னல் கிடையாது, ஆள் வாடை கிடையாது. பழைய கோப்புகளும் ஒரு குழல் விளக்கும்தான். படி இறங்கும்போது அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நாலே நாலு சொல். கணவருடைய ஒண்ணுமில்லவைக்கூட மன்னித்துவிடலாம், கேட்கிறவள் பயந்துவிடக் கூடாதே என்று சொல்கிறவர் அவர். இது யார் பயத்தைப் போக்க?

வாசலில் கழுத்தில் அளவு நாடாவோடு ஒல்லியாக ஒருவர் முன்னால் நின்றார்.

“இதை எழுதினது யாருங்க?”

“நான்தான்.”

“சொல்லுங்கம்மா,” என்றார் பின்னால் நின்ற துணை அதிகாரி.

“அந்தக் கடிதம்...” அந்த அளவு நாடாவைப் பார்த்தாள். “அந்தக் கடிதத்துல இருக்கறது அத்தனையும் உண்மை. வால்வு இல்ல. எப்ப வரும்னு இன்னிக்கும் எங்களுக்குத் தெரியல.”

முதுகுக்குப் பின்னால் துணை அதிகாரி மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அவள் திரும்பவில்லை. பதிவறைதானே, போனால் போகிறது.

தையல்காரர் கையைக் கூப்பினார். “அம்மா, நாங்க சண்டைக்கு வரல. என் மச்சான் கிழக்குப் பிரிவுக் கிடங்குல காவல்காரன். உங்க கடிதத்தைக் காட்டினேன். ஆறு அங்குலமா, இங்க பெட்டி பெட்டியா தூங்குதேன்னான். அதைச் சொல்லத்தான் வந்தோம்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேய்யா,” என்றார் துணை அதிகாரி.

“எது இல்லைன்னு நீங்க முன்னாடியே சொன்னீங்களா சார்?” என்றாள் வாளியோடு நின்ற ஒரு பெண்மணி.

“இதோ பாருங்க, அதெல்லாம் முறைப்படி பரிசீ...”

“லனையில் உள்ளது!” என்று கூட்டம் மொத்தமும் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒரே குரலில் முடித்துவைத்தது. அடுத்த கணம் சிரிப்பு. வாளிகள்கூடக் கடகடவென்று ஆடின. துணை அதிகாரியின் காதுகள் சிவந்துபோயின. அவர் நல்லவரா கெட்டவரா என்பது வேறு கதை. ஆனால் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தார். கைபேசியை எடுத்துக் கிழக்குப் பிரிவைக் கூப்பிட்டார்.

“ஆறு அங்குலம்... எத்தனை? பதினொண்ணா? யாரும் கேக்கலையா?” கொஞ்சம் நிறுத்தினார். “ஆமா. நாங்களும் கேக்கலதான்.”

மறுநாள் மத்தியானத்துக்குள் வால்வு மாற்றியாகிவிட்டது. தையல்காரர் வீட்டுக் குழாய் முதலில் செம்மண் நிறத்தில் இருமி, பிறகு தெளிந்து கொட்டியதாக வால்வுக்காரர் வந்து சொன்னார். அதைச் சொல்வதற்கென்றே இரண்டு மாடி ஏறி வந்திருந்தார்.

ஆனாலும் பதிவறை ஆர்டர் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சீப்பு, தலைவலி மாத்திரை, மகளின் பள்ளிக்காலப் புகைப்படம் எல்லாம் பைக்குள் போயின. அந்தக் கடிதத்தில் எதையாவது மாற்றி எழுதியிருக்கலாமோ என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு சொல்கூடத் தோன்றவில்லை. அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

துணை அதிகாரி வந்தார். பையைப் பார்த்தார். ஒரு மனுவை மேசைமேல் வைத்தார்.

“மேட்டுத் தெரு. மூணு வாரமா கலங்கல் தண்ணி வருதாம். என்ன எழுதப் போறீங்க?”

“தெரியாது சார். விசாரிச்சாத்தான் தெரியும்.”

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நகலெடுக்க வந்தவர்கள் நகலெடுக்காமல் நின்றார்கள்.

“விசாரிங்க. இனிமே நான் படிச்சிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். எனக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க.”

“அப்ப பதிவறை, சார்?”

“உங்களை அங்க அனுப்பிட்டா இதை யாரும்மா எழுதறது?”

அவள் பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மனுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்தாள்.