வேம்படிப் படமும் கடைசி வரியும்

முள்ளியவளையில் ஒரு நிவாரண அலுவலகத்தின் மரக்கன்றுத் தோட்டத்தில் எனக்கு வேலை. பைகளில் மண் நிரப்புவது, கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது, மாடு வராமல் பார்ப்பது. சமைத்ததும் படுத்ததும் அங்கேயேதான்.

மனைவியும் மகளும் வவுனியாவில், முகாமில். மகளுக்கு மூச்சிழுப்பு. இங்கே மருந்து இல்லை. சண்டைக்கோட்டைத் தாண்டிப் போக அவர்கள் இரண்டு பேருக்கும் பாஸ் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைக்குச் சுகம் என்று பிறகு சேதி வந்தது. அப்போதும் திரும்பி வா என்று நான் சொல்லியனுப்பவில்லை. ஷெல் விழுகிற இடத்துக்கு ஒருவரை எப்படிக் கூப்பிடுவது. அவளும் வாறன் என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் அலுவலகத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். மரத்தையும் மண்ணையும் காப்பது பற்றி ஒரு படம், அதோடு நாலு வரிக் கவிதை. வேலை செய்கிற எல்லாரும் சேரலாம். வந்ததையெல்லாம் வவுனியாக் கிளையின் சுவரில் ஒட்டுவார்கள். முகாம் சனம் பதிவுக்கு வந்து போகிற இடம் அது.

அந்தச் சுவருக்காகத்தான் பெயர் கொடுத்தேன். அவள் என்னைக் காணட்டும். கண்டால் வருவாளோ என்றும் ஒரு நினைப்பு.

ஃபில்ம் உள்ளே வரத் தடை. இருந்தது ஒரே சுருள். ஆளுக்கு ஒரு படம்தான். அலுவலகத்துப் பெரிய ஐயா கமராவைப் பிடித்தார். நான் கிணற்றடி வேம்பின் கீழ் போய் நின்றேன். நான் வைத்த மரம். சேர்ட்டுக்கு மேல் பொத்தானும் பூட்டி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, இரண்டு காதும் தெரிய நின்றேன். எங்கள் பக்கத்தில் படம் என்றால் அடையாள அட்டைக்கும் பாஸுக்கும் எடுப்பதுதான். காது தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அண்ணை, மரத்தைத்தானே கேட்டது. நீங்கள் பாஸுக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிக்கிறியள்."

"நான் நிண்டால் மரத்துக்கு என்ன நட்டம் ஐயா?"

அவர் சிரித்துக்கொண்டு எடுத்துவிட்டார்.

கவிதை எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனதில் வந்ததை எழுதிக் கொடுத்தேன்.

தண்ணி விட்டேன்.
மரம் வந்தது.
நிழலில் இருக்க
ஆளில்லை.

ஐயா இரண்டு தரம் வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனால் இப்பிடி முடிச்சால் ஆருக்கண்ணை மரம் நடுற எண்ணம் வரும்?" கடைசி வரியை வெட்டினார். 'எல்லோரும் வாருங்கோ' என்று எழுதினார்.

"உங்கட விருப்பம் ஐயா" என்றேன்.

ஃபில்மையும் தாள்களையும் லொறிச் சாரதி கொண்டுபோனான். இளம் பெடியன். என் மனைவியை அவனுக்குத் தெரியும். அவன் திரும்பி வரக் கனநாள் எடுத்தது. வந்ததும் நேரே கிணற்றடிக்கு வந்தான்.

"பரிசு உங்களுக்கில்லை அண்ணை. அலுவலகக் குசினியிலை சமைக்கிறவர் எடுப்பிச்ச கொக்குப் படத்துக்குத்தான்."

"என்ரையை ஒட்டினவையோ?"

"ஒட்டினவை. கீழ் மூலையிலை."

வாளியில் தண்ணீர் அள்ளி, முகம் கழுவி, குடித்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா வந்தவா. பிள்ளையும் வந்தது."

"என்ன சொன்னவா?"

"ஆள் மெலிஞ்சு போச்சு எண்டா. பிறகு பாட்டை வாசிச்சுப்போட்டுச் சிரிச்சவா. 'இது ஆரோ எழுதிக் குடுத்தது தம்பி. அந்தாள் ஒருத்தரையும் வா எண்டு கூப்பிடாது' எண்டா."

அதைச் சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். நான் போய் மண் நிரப்பினேன். ஒரு வரிசைப் பை முடிந்தது. எழும்பி, லொறியடிக்குப் போனேன். அவன் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அடுத்தமுறை அக்காவைக் கண்டால் ஒண்டு சொல்லு. அந்தக் கடைசி வரி என்ரைதான் எண்டு சொல்லு."

"மெய்யே அண்ணை?"

"சொல்லு."

"ஓம், சொல்லிறன்."

அந்தக் கிழமையே வவுனியாவுக்குப் போகிற வழியில், ஓமந்தைப் பக்கம் சண்டை தொடங்கியது. பாதை பூட்டு. அவன் லொறியை வேம்பின் கீழ் விட்டான். விடிய வந்து எஞ்சினை ஒருதரம் இயக்கிப் பார்த்துவிட்டு நிற்பாட்டுவான். நான் அவனைப் பார்ப்பேன். அவன் தலையை ஆட்டுவான், இன்னும் திறக்கவில்லை என்று.

நான் வாளியை எடுத்துக்கொண்டு கன்றுகளுக்குப் போவேன். நிழலில் லொறி நின்றது.