சகலை அனுப்பிய வண்டி

காதுக்காரர் என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியில் காதைப் பொருத்தி, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே தகரக் கூரை. மனைவியின் தங்கை புருஷன் எதிர்ச்சாரியில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் திறக்கும்வரை அவருக்கு வாடிக்கை குறைந்ததே இல்லை.

சகலை எட்டு வயது இளையவன். பெயின்ட் அடித்த தரை, இரண்டு லிஃப்ட், வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் என்று ஜோராக வைத்திருந்தான். அன்றிலிருந்து காதுக்காரருக்கு வயிறு எரிந்தது. ஸ்பேனர் துடைக்கிற சாக்கில் வாசலுக்கு வந்து அங்கே எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்ப்பார். நாலுக்கு மேல் என்றால் சாப்பாடு இறங்காது. மாமியார் அவனிடம் முதலில் தண்ணீர் நீட்டிவிட்டால் இரண்டு நாள் அதையே சொல்லி மனைவியைக் குத்துவார். அவன் அப்படி என்ன கெடுதல் செய்துவிட்டான் என்று மனைவி கேட்டாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கணக்கு டீச்சரின் பழைய கார் எதிர்ச்சாரிக்குப் போன அன்று அவருக்கு வேலையே ஓடவில்லை. பன்னிரண்டு வருடமாக இவர் கையைத் தவிர வேறு கை படாத வண்டி அது. டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிகிறது, மேடு ஏறத் திணறுகிறது என்று டீச்சர் ஸ்கேனரைத் தேடிப் போய்விட்டார். நாக் சென்சார் கோளாறு என்று ஸ்கேனர் காட்டியதாம். என்ஜினுக்குள் பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால் எழும் தட்டலைக் கேட்டு, கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னக் கருவி அது. சகலை மேல்பாகங்களைக் கழற்றிப் புதுசு போட்டான். பத்து நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. வேறு கம்பெனிச் சென்சார் போட்டான். அதற்கும் அதே கதி. வண்டி ஒவ்வொரு முறை திரும்பி வந்து நின்றபோதும் காதுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அந்த ஒரு மாதம் வீட்டில் சிரித்துப் பேசினார்.

பிறகு ஒரு நாள் காலை டீச்சரே காரை இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

"உங்க சகலைதான் உங்ககிட்ட காட்டச் சொன்னாரு. இது நீங்க பார்க்க வேண்டிய வேலைன்னு சொல்லிட்டாரு."

தோற்றுப்போய் அனுப்பிவிட்டான் என்று காதுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியை மேட்டில் ஓட்டிப் பார்த்தார். என்ஜின் சூடாகி வேகம் பிடித்தபோது விளக்கு எரிந்தது. இறங்கிக் காது வைத்தார். தட்டல் துளியும் இல்லை. என்ஜின் சுத்தம், தகவல்தான் தப்பாகப் போகிறது. சகலை முடுக்கிய சென்சார் போல்ட்டைச் சோதித்தார். கம்பெனி சொல்லிவைத்த இறுக்கத்தில் கச்சிதமாக இருந்தது. அதில் குற்றம் கிடைக்காதது அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. மிச்சம் வயர்தான். அதன் போக்கிலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனவர், என்ஜினுக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஓர் ஒட்டில் நின்றார். டேப்பின் முனை சிவப்பு நூலால் கட்டியிருந்தது.

மனைவியின் தையல் மெஷினிலிருந்து நூல் எடுத்து வந்து அப்படிக் கட்டுகிறவர் அந்த ஊரிலேயே இவர் ஒருத்தர்தான்.

நாலு வருடத்துக்கு முன் எலி கடித்த வயர். சென்சாரின் மெல்லிய சிக்னலைக் காக்க அதன்மேல் கம்பி வலை உண்டு. அன்றைக்கு அவசரத்தில் அந்த வலையை ஈயம் உருக்கிச் சால்டர் வைக்காமல் கையால் முறுக்கிவிட்டிருந்தார். இப்போது அது பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. பக்கத்தில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் வயரின் மின் இரைச்சலெல்லாம் சிக்னலுக்குள் புகுந்துகொண்டிருந்தது.

அதைவிட ஒன்று அவரைச் சுட்டது. நூலின் முடிச்சு அவர் போடும் முடிச்சு இல்லை. யாரோ அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

புது வயர் இழுத்து, சால்டர் வைத்து, மறுபடி மேடேறினார். விளக்கு எரியவில்லை. சாயங்காலம் டீச்சர் வந்தபோது, 'அவனுக்குப் பிடிபடலை' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் டீச்சர் நம்பியிருப்பார். ஆனால் எதிரே ஒருத்தன் உண்மை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பான். அவன் தயவில் வாழ்வதை நினைத்தாலே உடம்பு கூசியது. தப்பு தன் கையில்தான் என்று சொல்லிவிட்டார். டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு, அடுத்த சர்வீஸ் எப்போது என்று கேட்டார்.

சகலை ஷட்டர் இறக்குவதற்குள் தெருவைக் கடந்தார். அந்தத் தரையில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"அந்த ஒட்டை நீ பார்த்துட்டே, இல்ல?"

சகலை கையைத் துடைத்துக்கொண்டான். "பார்த்தேண்ணே. டீச்சர்கிட்ட சொல்லணும்னு கிளம்பிட்டேன். சொன்னா அந்த வண்டி எனக்கே வந்துடும்னுதான் கிளம்பினேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"கல்யாணமான நாள்லேர்ந்து, பெரிய மாப்பிள்ளை மாதிரி வேலை தெரியுமான்னு மாமியார் என்னைக் கேட்டுட்டே இருக்காங்க. அந்த ஆத்திரத்துல சொல்றேனோன்னு பட்டுச்சு. விட்டுட்டு, நீங்களே பார்க்கட்டும்னு அனுப்பிட்டேன்."

காதுக்காரருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாவது சென்சாரைப் போடறதுக்கு முன்னாடியே வயரைப் பார்த்திருக்கணும் நீ" என்றார். அவனும் ஒப்புக்கொண்டான்.

அதன்பிறகு ஸ்கேனர் வேண்டிய வண்டிகளை இவர் எதிரே அனுப்பினார். சத்தம் பிடிபடாதவற்றை அவன் இங்கே அனுப்பினான். ஒவ்வொரு வண்டியும் தெருவைக் கடக்கும்போது அவருக்கு மனசு கிள்ளத்தான் செய்தது. ஆனாலும் அனுப்பினார்.