குளிர்ந்த நெற்றி

அம்மாவின் தம்பி கல்ஃபிலிருந்து வந்தால் எங்கள் கரமனை வீட்டில் இரண்டு நாளைக்கு யாரும் அடி வாங்கமாட்டோம். அந்த முறை மாமாவின் பெட்டியிலிருந்து சோப்பு, டார்ச் லைட்டோடு ஒரு சின்ன அட்டைப்பெட்டியும் வந்தது. மேலே இருந்த எழுத்தை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நெற்றியில் நீலப் பட்டை ஒட்டிய குழந்தை ஒன்று சிரிக்கும் படம் இருந்தது. அதுவே போதுமென்று நினைத்தோம்.

“காய்ச்சல் வந்தா இத நெத்தியில ஒட்டு அக்கா. கசப்பு மருந்தெல்லாம் வேண்டாம். அங்க எல்லாருக்கும் இதுதான்.”

“எனக்கு ஒண்ணும் இல்லியா மாப்ளே?” என்றார் அப்பா.

“வாயில ஒட்டுறது வந்தா உங்களுக்குத்தான் அத்தான்.”

அப்பாதான் அதிகம் சிரித்தார்.

மாமா திரும்பிப் போன பிறகு, கர்க்கடக மாத மழையில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. அவளுக்கு இரண்டு வயது. மருந்துக்கடை சிரப்பைத் துப்பினாள். அம்மா பாட்டிலை மூடி வைத்துவிட்டு, குளிர்ந்த பசையுள்ள நீலப் பட்டையை ஒட்டினாள். அழுகை நின்றது. எனக்கும் ஒன்று வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன்.

எங்கள் தெருவில் காய்ச்சல் பார்ப்பது நெற்றியில் கை வைத்துத்தான். மறுநாள் காலை அம்மா பட்டையை உரித்துவிட்டுக் கை வைத்தாள்.

“ஜில்லுன்னு இருக்கு. விட்டாச்சு.”

எதற்கும் இருக்கட்டுமென்று புதுப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டு, அக்ரகாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போனாள். பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியும் தங்கையின் நெற்றியைத்தான் தொட்டாள்.

“ஒண்ணுமில்ல மோனே. அவ உறங்கட்டே.”

அதற்கடுத்த நாள் காலையும் அப்படியே போனது. அன்று மத்தியானம் தங்கைக்குக் கைகால் வெட்டி இழுத்தது. ஆட்டோவில் அம்மாவின் மடியில் கிடந்தவளின் கால்களைப் பிடித்திருந்தேன். கொதித்தன.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையை உரித்தெடுத்தாள். “இது தோலைத்தான் தணுப்பிக்கும். காய்ச்சல் குறையாது. மருந்து ஒண்ணும் கொடுத்தில்லையா?”

அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். முன்னாலேயே கொண்டு வந்திருக்கலாம் என்றார்கள். தங்கை வீடு திரும்பவில்லை. மாமாவை வரவேண்டாமென்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவர் வரவுமில்லை.

அடுத்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா என் வயிற்றைத் தொட்டாள், அக்குளில் கை வைத்தாள், உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்தாள். சிரப்பைத் துப்பவிடாமல் மூக்கைப் பிடித்துப் புகட்டினாள். நெற்றிப் பக்கம் மட்டும் அவள் கை வரவேயில்லை. நானே அந்தக் கையை இழுத்து நெற்றியில் வைத்தேன். சட்டென்று உருவிக்கொண்டாள்.

தங்கையைத் தொட்ட மாதிரி என்னைத் தொட அம்மாவுக்கு மனசில்லை என்று நினைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.