ஓடிக்கொலோன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல்

என் புத்தக அலுமாரியில், வாசிக்காமல் பெருமைக்கு வைத்திருக்கும் தடித்த நூல்களுக்கு முன்னால், ஒரு வெறும் ஓடிக்கொலோன் போத்தல் நிற்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்தால் வாசனைத் தண்ணீர் மணக்காது, பெற்றோல் மணக்கும். அல்லது அப்படி எனக்குத் தோன்றும். அத்தானை, அதாவது என் அக்காவின் கணவரை, நினைக்கும்போது முதலில் அந்தப் போத்தல்தான் வரும். ஆள் பிறகு புகைக்குள்ளிருந்து வெளிப்படுவார்.

யுத்த காலத்தில் நாங்கள் நிலாவெளியில் இருந்தோம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு அப்பால், காட்டுக்குள், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ராட்சத எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நின்றன. அதே மாவட்டத்தில் நாங்கள் பெற்றோலைத் தேனைப் போலச் சின்னப் போத்தல்களில் வாங்கினோம். விலை ஏற ஏற ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஞானம் பெற்றார்கள். சிலர் சைக்கிளுக்கு மாறினார்கள். நான், நடப்பது உடம்புக்கு நல்லது என்று கட்டுரை எழுதினேன். அத்தான் தன் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார். மண்ணெண்ணெயில் அது ஓடும், ஆனால் கிளம்பாது. கிளம்புவதற்கு காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விடவேண்டும். அந்த நாலு துளியை மிச்சம் பிடிக்க, ஒருமுறை கிளப்பிய எஞ்சினை அவர் நிறுத்தவே மாட்டார். வெங்காயம் வாங்குவதும் செத்த வீட்டில் துக்கம் விசாரிப்பதும் படலைக்கு வெளியே, சீற்றில் இருந்தபடி, வெண்புகைக்கு நடுவில்தான். “ஓடுற எஞ்சினை நிப்பாட்டுறவன் குடும்பத்துக்கு ஆகான்” என்பார். பெற்றோலை ஓடிக்கொலோன் போத்தலில் வைத்திருந்தது அவருடைய ராஜதந்திரம். ஆமிக்காரர் கேட்டால் வாசனைத் தண்ணீர் என்று சொல்லலாமாம்.

என் கலியாணம் நகரத்தில், பெண் வீட்டில் நடந்தது. வாடகைக் கார்க்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, “அவ்வளவு தாறதெண்டால் காரையும் சேர்த்துத் தா” என்று அத்தான் வந்துவிட்டார். அக்காவும் மற்றப் பெண்களும் தட்டுகளோடு காலை பஸ்ஸில் முன்னால் போனார்கள். அக்காவுக்கு வாசலில் வேலை இருந்தது: வருகிறவர்களுக்கு ஓடிக்கொலோன் தெளிப்பது, மாப்பிள்ளை வந்ததும் ஆலாத்தி எடுப்பது. நான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக அத்தானுக்குப் பின்னால் ஏறினேன்.

வழியில் ஆமிக்காரரின் காவலரணில், சென்றியில், மறித்தார்கள். எஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அத்தான் மனமுடைந்து நிறுத்தினார்.

“எங்க போறது?”

“கலியாணத்துக்கு, மாத்தையா.”

“யாருக்கு கலியாணம்?”

அத்தான் பெருவிரலால் என்னைக் காட்டினார். சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெண்ணை நினைத்து வருந்தியதுபோல் இருந்தது. பிறகு அத்தானின் பையில் புடைத்திருந்த போத்தலை எடுக்கச் சொன்னார். மூடியைத் திறந்தார். போத்தலில் பெற்றோல் கொண்டுபோவதற்கு எங்களிடம் எந்த மொழியிலும் விளக்கம் இல்லை. சிப்பாய் முகர்ந்தார். புன்னகைத்தார். கொஞ்சத்தை உள்ளங்கையில் ஊற்றிக் கழுத்தில் தடவிக்கொண்டு, போத்தலைத் திருப்பித் தந்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தானுக்கு அப்போதுதான் போனது.

“டேய், இது உண்மையான ஓடிக்கொலோன். போத்தல் மாறிப்போச்சு. அப்ப மற்றது...”

மற்றது அக்காவின் கையில். வாழைப்பழத் துண்டுகளில் திரி செருகிக் கொளுத்தி வைத்த ஆலாத்தித் தட்டுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள்மேல் தெளிப்பதற்குத் தயாராக.

அத்தான் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். பிறகு காபரேட்டருக்குள் ஓடிக்கொலோனை விட்டு உதைத்தார். எஞ்சின் இருமியது, தும்மியது, பிடித்தது. மண்ணெண்ணெய்த் துளியையும் எண்ணிச் செலவழிக்கும் மனிதர் அன்றைக்கு முறுக்கிய முறுக்கில் என் தலைப்பாகை வழியில் உப்புவெளி என்ற ஊரோடு போய்விட்டது. மணமகளைப் பற்றி நினைக்கவேண்டிய நான், எரியும் பந்தலைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன்.

பெண் வீட்டுப் படலையில் அக்கா ஆலாத்தித் தட்டோடு நின்றாள். திரிகள் எரிந்தன. அத்தான் கத்தினார், எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. உடனே எஞ்சினை நிறுத்தினார். யாரும் சொல்லாமல், தானாக.

“அந்தப் போத்தலைத் தொடாதையும்! அது பெற்றோல்!”

“ஏனப்பா ஊரைக் கூட்டுறியள்? மூடியைத் திறக்கவே மணந்தது. பொம்பிளையின்ர அப்பா அப்பவே பறிச்சுக்கொண்டு போயிட்டார்” என்றாள் அக்கா.

அத்தான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். என் வருங்கால மாமனார், துளிப் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் சாக்குப் போர்த்தி நிறுத்தியிருந்த தன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். “தம்பி, தட்டில வந்த சாமானைத் திருப்பிக் கேக்கிற வழக்கம் எங்கட பக்கம் இல்லை.” கலியாணம் முடிந்து புறப்படும்போது, தீர்த்தம் கொடுப்பதுபோல அத்தானுக்கு நாலே துளி விட்டார். மிச்சமும் தீர்ந்த பிறகு வெறும் போத்தல் எனக்கு வந்தது.

போன கிழமை மறுபடியும் விலை ஏறியது. அத்தான் இப்போது பட்டனை அமத்தினால் கிளம்புகிற ஸ்கூட்டரில் வருகிறார்; அப்படியும் படலைக்கு வெளியே எஞ்சினை ஓடவிட்டபடிதான் அரசாங்கத்தைத் திட்டினார். “உள்ள வாங்கோவன் அண்ணா” என்று என் மனைவி கூப்பிட்டாள். “ஏலாது பிள்ளை, எஞ்சின் ஓடுது” என்றார். எனக்காக ஒருநாள் நிறுத்திய மனிதர் என்பதால் நான் வற்புறுத்தவில்லை.

அவர் போனதும், அலுமாரிக்குப் பக்கத்தில் விளக்கேற்ற வந்த மனைவி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றாள். “அந்தப் போத்தலை அங்கால தள்ளி வையுங்கோ.”

எத்தனையோ வருடமாக வெறுமையாக இருக்கும் போத்தல். நான் எடுத்துத் தள்ளி வைத்தேன்.