குளியல் கூண்டின் ஒரு விரல் இடுக்கு

"ஜூலை, மூன்றாம் வாரம், செவ்வாய். குளியலறைக் கண்ணாடிக் கதவு மறுபடியும் சரிசெய்யப்பட்டது. மறுநாள் காலை தரை ஈரம்." என் நாட்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் சரிசெய்தல் என்றால் பெங்களூரில் சரிசெய்யப்படாத சாலையே இல்லை.

கதவு என்பதும் பெரிய வார்த்தை. குளியலறை மூலையைக் கண்ணாடியால் அடைத்து, அதில் ஒரு கண்ணாடிப் பலகையைத் தொங்கவிட்டு, 'ஈரம் படாத குளியலறை' என்று சொல்லி எங்களிடம் வீட்டை விற்றார்கள். எவ்வளவு அழுத்தி மூடினாலும் ஓரத்தில் ஒரு விரல் நுழையும். கோட்டைகள் விழுந்த வரலாறு நிறையப் படித்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீரிடம் தோற்கும் கோட்டையை இங்கேதான் பார்த்தேன்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் மே மாதம்தான் என் மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள். ஈரத்தரையில் ஒருமுறை வழுக்கினால் திரும்பவும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதிலிருந்து அவள் குளியலறை வாசலில் நின்று தரையையே பார்ப்பாள். நான் கையைப் பிடித்தால்தான் காலை உள்ளே வைப்பாள். யார் கையையும் எதிர்பார்த்துப் பழகாதவள்.

கதவைப் பார்க்க வந்தவர் பீன்யா தொழிற்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வந்ததும் இதற்கு முன் வேலை செய்த ஆளைத் திட்டுவார். முன்பு செய்த ஆளும் அவரேதான். முதலில் ஓரமெல்லாம் சிலிகான் அப்பினார். அடுத்த தடவை அதைச் சுரண்டிவிட்டு ரப்பர் பட்டை மாட்டினார். பிறகு அதைவிடத் தடித்த பட்டை. கதவு முன்னளவுக்குக்கூட மூடவில்லை. ஒவ்வொரு முறையும் ஷவரைத் திறந்துவிட்டு, "பாருங்க சார், ஒரு சொட்டு வெளிய வருதா?" என்பார். வராது. அவர் போனபின், மறுநாள் காலை வெளியே குளம்.

இதில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கௌரவத்துக்கும் பங்குண்டு. எல்லா வீட்டிலும் பக்கெட்டில்தான் குளிக்கிறார்கள். வெளியாள் வருகிறார் என்றால் மட்டும் பக்கெட் கட்டிலுக்கடியில் போய்விடும். ஷவர் இருக்கும் வீட்டில் பக்கெட் இருந்தால் கேவலமாம். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான்.

ஆகஸ்டில் அவர் மறுபடி வந்து ஷவரில் கைவைத்தபோது, என் மனைவி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்று பக்கெட்டை ஒளித்துவைக்க அவள் விடவில்லை.

"ஏம்ப்பா, இந்த வீட்ல ஷவர்ல யாரு குளிக்கிறாங்க?"

"அப்ப எதுக்கு ஆன்ட்டி இந்த பாக்ஸு?"

"அத கட்டுனவன் கிட்ட கேளு. பக்கெட்ட உள்ள வை, கதவ சாத்து. எண்ணெ தேச்ச தலைக்கு ஊத்துற மாரி சொம்புல ஊத்து."

"பேண்ட் சட்டையெல்லாம் நனஞ்சிடும் ஆன்ட்டி!"

"மூணு மாசமா நாங்க வெளிய நனையறோம். நீ ஒரு நாள் உள்ள நனை."

ஊற்றினார். தோளில் அடித்த தண்ணீர் இடுக்கு வழியாகப் பீய்ச்சிக்கொண்டு அவள் நாற்காலிக்கால் வரை வந்தது.

"அய்யோ தேவ்ரே!" என்று உள்ளிருந்து கடவுளைக் கன்னடத்தில் கூப்பிடும் குரல் வந்தது. கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சார், கதவு பக்கெட்ல இடிக்குது. நீங்க தினம் அழுத்தி அழுத்தி சாத்தி, கீல் எறங்கிப் போச்சு."

"இப்பதான் கண்ணு தெரியுதா?" என்றாள் என் மனைவி.

கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கி நிமிர்த்தினார். தடித்த பட்டை குப்பைக்குப் போனது. ஓரத்தில் காந்தப் பட்டை வந்தது. கதவின் அடியில் மாட்டும் பட்டையின் உதடு உள்பக்கம் பார்க்க வேண்டுமாம். அவர் மாட்டியது இத்தனை நாளும் வெளிப்பக்கம் பார்த்துத் தண்ணீரை வழியனுப்பிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பும்போது இந்த முறை யாரையும் திட்டவில்லை. நாங்கள் சின்ன பக்கெட் ஒன்று வாங்கினோம்.

மறுநாள் நான் எழுவதற்குள் அவள் தனியாகக் குளித்து முடித்திருந்தாள். "வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். கூண்டுக்கு வெளியே தரை காய்ந்திருந்தது. சுவரைப் பிடிக்காமல் அந்தத் தரையின் நடுவில் நின்றிருந்தாள்.

சமையலறைக்குப் பின்னால் கொடியில் தரைத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. கேட்டேன். "தொவச்சுப் போட்டேன்" என்றாள். தண்ணீர் வெளியே வரவே இல்லையா, அல்லது துடைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டாளா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.