வியாழக்கிழமை தெற்கே சூலம்

மயிலாப்பூருக்குத் தெற்கே இருக்கிறது பெசன்ட் நகர். வியாழக்கிழமை தெற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது என்பார்கள். என் கணவர் ஓட்டல் ஒன்றின் வரவேற்பில் வேலை பார்க்கிறார். அவருக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. இந்த மூன்றையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு, நான் பிரசவத்துக்குப் போயிருந்த மயிலாப்பூர் அம்மா வீட்டிலேயே தை மாதம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். சூலம் பற்றி மாணவி யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

பயம் எனக்குப் புதிதில்லை. கருவுற்ற நாளிலிருந்தே கூட இருந்தது. வயிற்றில் குழந்தை சற்று நேரம் அசையாவிட்டால், குளிர்ந்த ரோஸ்மில்க் வாங்கிக் குடித்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்து உதைக்குக் காத்திருப்பேன். உதைத்ததும், இது நேற்றைவிட மெதுவாக இருக்கிறதே என்று அடுத்த பயம் தொடங்கும். ஆழ்வார்பேட்டையில் ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள் என்பதற்காக ஒருநாள் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவங்க கொட்டாவிய அடக்கிட்டு இருந்தாங்க. நான்தான் பாத்தேனே," என்றார் கணவர். "எல்லாம் நார்மல்னு எழுதியிருக்கு, படிச்சுப் பாரு."

"எழுதறப்ப தப்பா எழுதியிருந்தா?"

"அப்ப நம்ம கல்யாணப் பத்திரிகையும் தப்பா அடிச்சிருப்பாங்க. நீ வேற யாரையோ கட்டிக்க வேண்டியவ."

வீட்டில் யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதல் பிரசவம், பொறுப்பான பெண் என்றார்கள். பயத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. குழந்தை பிறந்து, கண்ணால் பார்த்துவிட்டால் போய்விடும் என்று நானும் நம்பினேன்.

ஐப்பசி மழையில் பெண் பிறந்தாள். அம்மா வீடு கோயில் குளத்துக்குப் பின்னாலுள்ள தெருவில், தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். காற்று வராது, கொசு வரும். ஆனால் எப்போதும் யாராவது இருப்பார்கள். தூங்கும் குழந்தையின் மூக்கருகே நான் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அப்பா கேலி செய்வார். "நீ தூங்கறப்ப நாங்க யாரும் விரல் வெச்சுப் பாக்கல. நீ வளரலையா?" எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அது வெளியே சொல்லக்கூடிய பயம்.

சொல்ல முடியாதது நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குப் பிறகு வந்தது. ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் வழியில், வீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று கணவர் பெசன்ட் நகருக்கு வண்டியைத் திருப்பினார். எங்கள் வீடு நான்காவது மாடி. கல்யாணம் ஆனதும் அந்த வீட்டைப் பிடித்ததே பால்கனிக்காகத்தான். அங்கே நின்றால் மரங்களுக்கு மேலே ஒரு துண்டு கடல் தெரியும்.

"பாப்பாவுக்குக் கடலைக் காட்டு. நான் துணியெல்லாம் எடுத்துட்டு வந்துடறேன்," என்று அவர் உள்ளே போனார்.

நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பி ஓரமாக நின்றேன். நல்ல வெயில். கீழே இஸ்திரி வண்டிக்காரர் கரியைக் கிளறிக்கொண்டிருந்தார். அப்போது வந்தது. இப்போது கைகளை நீட்டி விட்டுவிட்டால் என்ன ஆகும். யாரோ காதில் சொன்னதுபோல் இல்லை. என் மனம், என் குரலில், சாதாரணமாகச் சொன்னது. அது மட்டுமென்றால்கூட உதறியிருப்பேனோ என்னவோ. அதற்கு அடுத்ததாக, இத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் எத்தனை நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டது. ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் சூத்திரம்தான். விடையும் வந்தது.

உள்ளே ஓடிவந்து, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை விழித்து அழுதது, அந்த அளவுக்கு இறுக்கியிருந்தேன். தலைசுற்றல் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தத் தாய்க்கு இப்படித் தோன்றும்? ஒருமுறை தோன்றினால் ஒருநாள் செய்தும்விடுவேனா? அந்த வீட்டில் பகல் முழுக்க நானும் குழந்தையும் மட்டும்தான் இருப்போம். அவர் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனால் இரவுதான் வருவார்.

அதன் பிறகு எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம். உண்மைக் காரணத்தைச் சொன்னால் குழந்தையை என்னிடம் கொடுக்க மாட்டார்கள் என்று உறுதியாக நினைத்தேன். கொடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில்.

முதல் காரணம் தானாகக் கிடைத்தது. மூன்றாம் மாதம் அழைத்துப் போவதுதான் வழக்கம், ஆனால் அது மார்கழியில் வந்தது. "மார்கழில கொழந்தைய இடம் மாத்த வேணாம்," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். தை பிறந்தது. பொங்கல் முடிந்த முதல் வியாழக்கிழமை கணவர் வருவதாகச் சொன்னார். அப்பா தினமும் காலையில் தாள் கிழிக்கும் நாட்காட்டியில், ராகுகாலத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: சூலம், தெற்கு.

"இன்னிக்கு வேணாங்க. தெற்கே சூலம்."

அவர் கையில் கார் சாவியோடு நின்றார். "சரி, கிண்டி வரைக்கும் மேற்கால போயி, அங்கேர்ந்து கிழக்கால வந்துடறேன். சூலத்துக்குத் தெரியவா போகுது?"

"விளையாடாதீங்க."

அவர் என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கப் போனார். வேறு கிழமையில் விடுப்பு எடுப்பதாகச் சொன்னபோது ஒருமுறை அஷ்டமி, ஒருமுறை குழந்தைக்குச் சளி. சளி உண்மைதான். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும் உண்மை. மற்றபடி ஒவ்வொரு வியாழனும் சூலம் தவறாமல் கைகொடுத்தது.

எனக்குத் தாங்க முடியாமல் போனது திட்டு அல்ல, பாராட்டு. மாமியார் திருச்சியில் இருக்கிறார். அவரிடம் செய்தி போனதும் அழைத்தார். "நான்கூட வேலைக்குப் போற பொண்ணு, இதெல்லாம் எங்க பாக்கப் போகுதுன்னு நெனச்சேம்மா. எம் பையனுக்குக் கிழமையே தெரியாது. நீ பாக்கறே பாரு, அதுதான் அந்தக் கொழந்தைக்குக் காவல்." காவல் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, "சரிங்க அத்தை" என்றேன். திருச்சியில் உறவினர் வீடுகளிலெல்லாம் என் பெருமை பரவியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

அப்பா மட்டும் ஒருநாள் தாளைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "உனக்கு எப்பேர்ந்தும்மா இதெல்லாம்? வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டாலே பரீட்சை பேப்பர் இருக்கும்பே."

"கொழந்தை வந்தப்புறம் தோணுதுப்பா."

அவர் மேலே கேட்கவில்லை. என் மேல் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு. அதனாலேயே நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கணவர் பெசன்ட் நகர் வீட்டில் மரத்தொட்டில் வாங்கிப் போட்டு, படம் அனுப்பினார். அடுத்த வாரம் கொசுவலை கட்டிய படம். அதற்கடுத்த வாரம் தொட்டிலில் தன் தலையணையைப் படுக்கவைத்து, 'தூங்க ஆள் தேவை' என்று எழுதி அனுப்பினார். சிரிக்கும் முகம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவருக்கு நான் செய்துகொண்டிருப்பது தெரியும்போது என்ன நினைப்பார் என்று யோசித்தேன். தெரியாமலே இருந்தால் எத்தனை மாதம் இப்படிப் போகும் என்றும் யோசித்தேன்.

மாசி முதல் வியாழக்கிழமை அவர் வந்தபோது மாமியாரைத் தொலைபேசியில் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"அம்மா ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்க. கேளு."

"நல்ல சேதிம்மா," என்றார் மாமியார். "அந்தக் காலண்டர்லயே பக்கத்துல பாரு, பரிகாரம் போட்டிருக்கும். வியாழனுக்குத் தைலம். தலையில ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வெச்சுட்டுத் தாராளமாக் கிளம்பலாம். எங்க வீட்டு ஜோசியரையும் கேட்டுட்டேன். பாவம், எத்தன வாரம் காத்துக் கெடந்தீங்க."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "ஆமா, தைலம்னுதான் இருக்கு." அத்தனை வாரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. நான் அந்த வரியைப் படித்திருந்தேன்.

மாமியார் பேசி வைத்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் பைகள் வண்டிக்குப் போய்விட்டன. குழந்தைக்குப் புதுச் சட்டை மாட்டி, கன்னத்தில் பொட்டு வைத்து என் மடியில் கிடத்திவிட்டு, அம்மா கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்தார்.

"தலையக் காட்டு."

"வேணாம்மா."

"ஒரு சொட்டுதான்டீ. உன் மாமியாரே சொல்றாங்க."

"சூலம் இல்லம்மா," என்றேன். "அங்க போனா பாப்பாவ நான் பால்கனிலேர்ந்து கீழ போட்டுடுவேன்."

இதை இப்படிச் சொல்ல நினைத்திருக்கவில்லை. எனக்குச் சில எண்ணங்கள் வருகின்றன, அவை எனக்குப் பிடிக்கவில்லை என்றெல்லாம் மனதுக்குள் வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தார். பிறகு குனிந்து என் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டார். வெடுக்கென்று இல்லை. கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளையிடமிருந்து அதை வாங்குவதுபோல, என்னைப் பதறவைக்காமல் எடுத்தார். எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடியிருந்தேனோ அது நடந்துவிட்டது. என் மடி சூடாக இருந்தது. அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கணவர் வாசலுக்குப் போனார். போகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எப்பேர்ந்து?"

"ஊசி போட்ட அன்னிக்கு. நீங்க துணி எடுக்கப் போனப்போ."

"கடலைக் காட்டுன்னு நான்தான் சொன்னேன்," என்றார். பிறகு, "அப்ப எல்லா வியாழக்கிழமையும்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் எனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் போனோம். அவர் அடையாறில் மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கணக்குப் போட்டது வரை சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. குழந்தை பெற்றவர்கள் பலருக்கு இந்த மாதிரி வரும், வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்வதில்லை என்றார். "இந்த நினைப்பு வர்றதும், அதைச் செய்ய விரும்பறதும் ஒண்ணு இல்ல." பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரை எழுதினார், வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். கணவரையும் அம்மாவையும் உள்ளே அழைத்து அதையே சொன்னார். நான் படித்தவள், எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும், என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாரோ என்று வண்டியில் ஏறியதும் தோன்றியது.

அதற்குப் பிறகு அம்மா சில நாட்கள் நான் பால் கொடுக்கும்போதெல்லாம் அதே அறையில் ஏதாவது துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துணியையே மறுபடி மடிப்பார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். ஒருநாள் காலை குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டார்.

"கீரை வாங்கிட்டு வரேன். அப்பா பேங்க்குக்குப் போயிருக்காரு. கதவச் சாத்திக்கோ."

"அம்மா."

"என்ன?"

"நானும் வரட்டுமா?"

"கீரை வாங்கவா? உக்காரு," என்று போய்விட்டார். தெருமுனைக் கடைக்குப் போகிறவர் திரும்பி வர வெகுநேரம் ஆக்கினார். வந்ததும் குழந்தையைப் பார்க்கவில்லை. நேராகக் கீரையை ஆயத்தான் உட்கார்ந்தார்.  

பங்குனி பிறப்பதற்குள் பெசன்ட் நகர் வந்துவிட்டோம். வியாழக்கிழமைதான். எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினோம், மாமியாருக்கு அந்தப் படத்தை அனுப்பவேண்டியிருந்தது. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. என்னைப் பற்றி இப்போதும் பெருமையாகப் பேசுகிறார். சொல்லிவிடலாம் என்று கணவர் சொல்கிறார், நான் அடுத்த முறை என்கிறேன்.

எண்ணம் இப்போதும் எப்போதாவது வருகிறது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விடப் பழகிக்கொண்டிருக்கிறேன். பால்கனியில் குழந்தையின் துணிகளை நான்தான் காயப்போடுகிறேன். குழந்தையோடு இன்னும் அங்கே நின்றதில்லை.

காலையில் கணவர் கிளம்பிப்போய்ச் சற்று நேரத்தில், அவர் நேரம் தெரிந்ததுபோல, அம்மாவிடமிருந்து அழைப்பு வரும்.

"பாப்பா என்ன பண்றா?"

பேத்தியை விசாரிக்கிறாரா, என்னைச் சோதிக்கிறாரா என்று இதுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை. கேட்டதும் இல்லை.

"மடியில இருக்காம்மா," என்கிறேன்.

"சரி, வெச்சுக்கோ," என்கிறார் அம்மா.