அணைக் கேட்டைத் திறந்துவிட்ட வருஷம்

அணையில் காவல் வேலை என்பது, யாரும் வந்துவிடக் கூடாதே என்று யாராவது வருகிறார்களா என நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது. பதினோரு வருஷம் அதை ஒழுங்காகச் செய்தேன். மலையடிவாரத்தில், தாமிரபரணிக்குத் தண்ணீர் விடும் சின்ன அணை அது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: கரையையும் அதை ஒட்டிய அணை நிலத்தையும் பொதுமக்கள் நடப்பதற்குத் திறந்துவிட வேண்டும். விரட்டுகிற வேலையிலிருந்து வரவேற்கிற வேலைக்கு மாற்றப்பட்ட புண்ணியவான்கள் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

பலகை

கேட்டில் 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்று இரண்டு வரியில் பெரிய பலகை. பெயிண்டர் வந்து மேல் வரியை அழித்து 'பொதுமக்கள் வருக' என்று எழுதினார். சாப்பிட்டுவிட்டு வந்து கீழ் வரியை அழிக்கிறேன் என்று கல்லிடைக்குறிச்சிக்குப் போனவர், மழை பிடித்துக்கொண்டதால் இரண்டு நாள் வரவில்லை.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டதும் டவுனிலிருந்து ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து இறங்கினார். பலகையை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "கூப்பிட்டு வச்சு அடிப்பியளோ?"

பழைய ஆள்

அந்த வாரம் முழுக்க உள்ளூர்க்காரர் ஒருத்தர்கூட உள்ளே வரவில்லை. கேட் வரை வருவார்கள், என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் திரும்பிவிடுவார்கள். ஆள் வரவில்லை என்றால் பாதையை மூடிவிடுவார்கள், என்னையும் எங்காவது தூக்கி அடிப்பார்கள் என்று எனக்குக் கவலை.

ஒருநாள் மந்திரம் என்பவர் கரையோரம் பைய எட்டிப் பார்த்தார். திருட்டுத்தனமாக மீன்பிடிக்க வந்து என்னிடம் பலமுறை மாட்டியவர். "ஓடாதேயும்வே! இனிமே வரலாம்!" என்று கத்திக்கொண்டே நான் ஓட, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார். புளியந்தோப்புக்குள் மறைந்தபின் குரல் மட்டும் வந்தது: "இப்படிச் சொல்லித்தாம்வே போன தடவ தூண்டிலப் புடுங்கினீரு!"

எருமை

பேச்சியம்மாளின் நாலு எருமைகளும் தினமும் பாதையைக் கடந்துதான் தண்ணீருக்கு இறங்கும். சாணியை மிதித்த யாரோ புகார் எழுத, இன்ஜினியர் நேரில் வந்தார். "இது பொதுமக்களுக்கான பாதைம்மா. எருமைய இங்கன விடக் கூடாது" என்றார்.

பேச்சியம்மாள் தண்ணீருக்கு நடுவே கையை நீட்டிக் காட்டினாள். அணை கட்டியபோது அவள் மாமனாரின் வயல் போன இடம் அது. அவள் எருமையின் முதுகில் தட்டி ஓட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்ப நான் யாரு சார், தனிமக்களா?"

சங்கு

பாதை ஓரிடத்தில், உபரித் தண்ணீர் போகும் ஓடைக்குள் இறங்கி ஏறும். ஐப்பசி மழையில் அணை நிறைந்து ஷட்டரைத் திறக்க வேண்டியதாயிற்று. திறக்கும் முன் அபாயச் சங்கு ஊதினோம். ஊதித் திறந்த பிறகுதான் நாலு பேர் ஓடை நடுப்பாறையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

விழுந்தடித்து ஓடினேன். பாளையங்கோட்டையிலிருந்து நடக்க வந்திருந்த, ஓய்வு பெற்ற கிரேஸ் டீச்சரும் கூட்டாளிகளும். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். கடைசி ஆள் ஏறிக் கொஞ்ச நேரத்தில் பாறையே தெரியவில்லை. "சங்கு கேக்கலையா டீச்சர்?" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்: "கேட்டுச்சே தம்பி, பன்னெண்டு மணிச் சங்கு. அத வச்சுத்தான் மணி சரிபாத்தேன். ஒங்க சங்கு மூணு நிமிஷம் பிந்தி ஊதுது."

வீட்டுக்காரி

அதோடு பாதையை ஒரேயடியாக மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, ஓடைக்குக் குறுக்கே சங்கிலியும் எச்சரிக்கைப் பலகையும் போட்டு, ஒரு வாரத்தில் திரும்பத் திறந்தார்கள். அன்று என் மனைவி செல்லம்மாளும் நடக்க வந்தாள். பதினோரு வருஷமாகக் கேட்டுக்கு வெளியே நின்று தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனவள். விதி என்றால் எல்லோருக்கும் விதி என்று அவளையும் நான் உள்ளே விட்டதில்லை.

கரை உச்சியில் ஏறியதும் நின்றுவிட்டாள். மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "இம்புட்டையும் நீங்க ஒத்தையிலயா பாத்துக்கிட்டு இருந்திய?"

பூட்டிய கேட்டுக்கு நான் ஒருத்தன் காவல் போதும், திறந்த கேட்டுக்குத்தான் நான் ஒருத்தன் போதவே இல்லை.